லேக்கர்ஸ் – டிம்பர்வுல்வ்ஸ் 2025: முதல் சுற்றுத் தொடரைக் கணக்குப் போட்டுக் கணிக்க முடியுமா?

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் பிளேஆஃப் (பருவ முடிவில் நடக்கும், முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவர் முன்னேறும் தொடர்கள்) முதல் சுற்று தொடங்கும்போதெல்லாம் "அஞ்சு மேட்ச்ல முடிஞ்சிரும்", "ஏழு வரைக்கும் இழுக்கும்" என்று ரசிகர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். 2025-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் – மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் (சுருக்கமாக வுல்வ்ஸ்) தொடரில் பெரும்பாலோர் லேக்கர்ஸ் பக்கம் நின்றார்கள். வுல்வ்ஸ் 4-1 என்று ஜெயித்தது. இதையெல்லாம் ஆதாரத்தோடு கணிக்க வழி இருக்கிறதா, எல்லாமே குருட்டு யூகம்தானா?

பதில்:

வழி இருக்கிறது. முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "யார் ஜெயிப்பார்" ஒரு கேள்வி, "எத்தனை ஆட்டத்தில் முடியும்" வேறொரு கேள்வி. முதலாவதற்கு அணிகளின் உண்மையான பலம் தெரிய வேண்டும். இரண்டாவதில், எந்த ஆட்டம் எந்த ஊரில் நடக்கிறது என்ற அட்டவணைக்கும் பெரிய பங்கு உண்டு. "லேக்கர்ஸ் 5-ல்" என்று ஒரே மூச்சில் சொல்லும் பலருக்கு அந்த 5 தங்கள் நம்பிக்கையின் அளவைக் காட்டும் எண், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் கணக்கு எதுவும் இருப்பதில்லை.

நீங்கள் கேட்ட தொடரையே எடுத்துக்கொள்வோம். லேக்கர்ஸ் 50 வெற்றி, 32 தோல்வி, மேற்குப் பிரிவில் மூன்றாம் இடம். வுல்வ்ஸ் 49-33, ஆறாம் இடம். மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் 82 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றிதான் வித்தியாசம். அதோடு நிற்காமல் சராசரி புள்ளி வித்தியாசத்தைப் பாருங்கள். வுல்வ்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக எதிரணியைவிட 5.0 புள்ளி அதிகம் போட்டது. லேக்கர்ஸுக்கு அது 1.2 மட்டுமே. ஐம்பது வெற்றி பெற்ற அணிக்கு 1.2 மிகக் குறைவு. நெருக்கமாக முடிந்த ஆட்டங்கள் லேக்கர்ஸ் பக்கம் சாய்ந்திருக்கின்றன, வுல்வ்ஸுக்கு எதிராகச் சாய்ந்திருக்கின்றன என்பதுதான் இதன் பொருள். இரண்டு, மூன்று புள்ளியில் முடியும் ஆட்டம் காசு சுண்டுவதற்குப் பக்கத்தில் வருகிறது. ஒரு பருவத்தில் அப்படிக் கிடைத்த அதிர்ஷ்டம் பிளேஆஃபிலும் கூடவே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் வெற்றி எண்ணிக்கையைவிடப் புள்ளி வித்தியாசத்தை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

இந்த வித்தியாசத்தை வாய்ப்பாக மாற்றுவது கடினமில்லை. என்பிஏ ஆட்டத்தின் முடிவு, நாம் எதிர்பார்க்கும் வித்தியாசத்திலிருந்து சுமார் 12 அல்லது 13 புள்ளி அளவுக்கு இருபுறமும் ஊசலாடும். எனவே சம பலத்துக்கு அருகில் இருக்கும் அணிகளுக்கு ஒரு புள்ளி அனுகூலம் ஏறத்தாழ 3 சதவீத வெற்றி வாய்ப்பு. சொந்த மைதானத்தின் மதிப்பை 2.5 புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். 1980களில் சொந்த ஊர் அணி மூன்றில் இரண்டு ஆட்டங்களை ஒட்டி ஜெயித்துக்கொண்டிருந்தது. இப்போது வழக்கமான பருவத்தில் அது 55 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. ஹோம் கோர்ட்டுக்கு ஐந்து, ஆறு புள்ளி கொடுக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

இப்போது எண்களைப் போடுவோம். 5.0-ல் 1.2 போனால் 3.8 புள்ளி வுல்வ்ஸ் பக்கம். லாஸ் ஏஞ்சல்ஸில் 2.5 கழித்தால் 1.3 மிச்சம், அதாவது வுல்வ்ஸுக்கு 54 சதவீதம். வுல்வ்ஸின் ஊரான மினியாபொலிஸில் 2.5 கூட்டினால் 6.3, அதாவது 69 சதவீதம். முதல் இரண்டு ஆட்டம் லாஸ் ஏஞ்சல்ஸில், அடுத்த இரண்டு மினியாபொலிஸில், பிறகு ஒன்று மாற்றி ஒன்று என்ற வரிசையில் இதை ஏழு ஆட்டத்துக்கு ஓட்டினால் வுல்வ்ஸ் தொடரை ஜெயிக்கும் வாய்ப்பு 72 சதவீதம்.

இந்த 72-ஐ அப்படியே நம்பக்கூடாது. லேக்கர்ஸின் 1.2 இரண்டு வெவ்வேறு அணிகளின் கலவை. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் ஆன்டனி டேவிஸைக் கொடுத்து லூக்கா டான்சிச்சை வாங்கினார்கள். அதற்கு முன்னால் ஆடிய அணி வேறு, பின்னால் ஆடிய அணி வேறு. வுல்வ்ஸ் பக்கமும் இதே கதைதான். பருவம் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது கார்ல் ஆன்டனி டவுன்ஸை நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டு ஜூலியஸ் ராண்டிலையும் டான்டே டிவின்சென்சோவையும் வாங்கினார்கள். அவர்கள் செட்டாகப் பல மாதம் பிடித்தது. 32-29 என்று தடுமாறிய அணி கடைசி 21 ஆட்டங்களில் 17-ஐ ஜெயித்தது.

ஆள் மாறிய அணிக்கு என்ன செய்வது? கடைசி இருபது ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்வது ஒரு தப்பு, முழுப் பருவத்தை மட்டும் எடுத்துக்கொள்வது இன்னொரு தப்பு. இருபது ஆட்டத்தில் எதிரணி யார், யார் ஓய்வில் இருந்தார்கள், மூன்று புள்ளி ஷாட்கள் எப்படி விழுந்தன என்பவையே எண்ணைத் திரித்துவிடும். வுல்வ்ஸின் 17-4 கண்ணைப் பறிக்கும்தான், ஆனால் அதை அப்படியே பலமாக எடுத்துக்கொண்டால் மிகையாகிவிடும். டான்சிச் வந்ததற்கு லேக்கர்ஸுக்குத் தாராளமாகவே கொடுத்து, 3.8-ஐப் பாதிக்கும் கீழே, 1.5-க்குக் குறைத்துப் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் வுல்வ்ஸுக்கு 47 சதவீதம், மினியாபொலிஸில் 63 சதவீதம். அப்போதும் தொடர் 58-42 என்று வுல்வ்ஸ் பக்கமே நிற்கிறது. லேக்கர்ஸுக்கு இவ்வளவு சலுகை கொடுத்தும் தராசு அந்தப் பக்கம் சாயவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

பிறகு ஏன் இத்தனை பேர் லேக்கர்ஸ் என்றார்கள்? பெயர்கள் பெரியவை என்பது ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம் 2024 மேற்குப் பிரிவு இறுதித் தொடர். அதில் டல்லஸுக்காக ஆடிய டான்சிச், இதே வுல்வ்ஸை 4-1 என்று வீட்டுக்கு அனுப்பினார். இரண்டாம் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் வுல்வ்ஸின் சென்டர் (கூடைக்கருகே நிற்கும் உயரமான ஆள்) ரூடி கோபேரைப் பின்னுக்கு நகர்த்திவிட்டு அவர் போட்ட மூன்று புள்ளி ஷாட்டில் டல்லஸ் 109-108 என்று ஜெயித்தது. "கோபேரை வெளியே இழுத்து டான்சிச் மறுபடியும் தண்டிப்பார்" என்ற வாதம் அங்கிருந்து வந்தது. காட்சி உண்மைதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை.

டல்லஸில் டான்சிச் பிக் அண்ட் ரோல் (சக வீரர் தற்காப்பாளரை மறித்துவிட்டுக் கூடைக்கு ஓடும் ஆட்டமுறை) ஆடும்போது டெரெக் லைவ்லியோ டேனியல் காஃபோர்டோ கூடைக்கு ஓடுவார்கள். கோபேர் ஒரு அடி முன்னால் வந்தால் பந்து அவர் தலைக்கு மேல் போகும், மறுமுனையில் டங்க். வரவில்லை என்றால் டான்சிச்சுக்கு இடைத்தூர ஷாட் திறந்து கிடக்கும். ஷாட் போடும் மிரட்டலும் லாப் பாஸ் மிரட்டலும் ஒன்றாக இருந்ததால்தான் கோபேர் நடுவே தொங்கினார். லேக்கர்ஸிடம் அந்த இரண்டாவது மிரட்டல் கிட்டத்தட்ட இல்லை. டேவிஸ் போய்விட்டார். அவர் இடத்துக்குச் சார்லட்டிலிருந்து மார்க் வில்லியம்ஸை எடுத்த பேரம் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ரத்தானது. மிஞ்சியது ஜேக்சன் ஹேய்ஸ். அவர் ஓடுவார், தாவுவார். ஆனால் கோபேர், ராண்டில், நாஸ் ரீட் மூவரையும் ரீபவுண்டில் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பதில்) சமாளிக்கும் உடம்பு அவருக்கு இல்லை. ஆகவே 2024 தொடரைச் சாட்சிக்குக் கூப்பிட்டவர்கள் டான்சிச்சை மட்டும் பார்த்தார்கள், அவருக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்க்கவில்லை.

பொருத்தம் பார்ப்பதற்கு நான் பரிந்துரைப்பது இதுதான். இரண்டு அணியிலும் பிளேஆஃபில் உண்மையாக நிமிடம் பெறப்போகும் எட்டுப் பேரை எழுதுங்கள். ஒவ்வொரு பட்டியலிலும், எதிரணி தேடித் தேடித் தாக்கப்போகும் ஒருவரை அடித்துவிடுங்கள். தற்காப்பில் மெதுவானவராக இருக்கலாம், வெளியிலிருந்து ஷாட் போடத் தெரியாதவராக இருக்கலாம், ஃப்ரீ த்ரோ தவறவிடுபவராக இருக்கலாம். அவரை வெளியே உட்கார வைத்தால் அந்த அணி எதை இழக்கிறது என்று பாருங்கள். லேக்கர்ஸில் அடிபட்ட பெயர் ஹேய்ஸ். அவரை எடுத்தால் களத்தில் சென்டரே இல்லை. வுல்வ்ஸில் பலரும் அடித்த பெயர் கோபேர். ஆனால் அவர் வெளியே போனால் நாஸ் ரீட் வருகிறார், அவர் வந்தால் ஷாட் போடும் கைகள் ஐந்தாகின்றன. மாற்று உள்ள அணிக்கும் மாற்று இல்லாத அணிக்கும் உள்ள இந்த வேறுபாடு ஏழு ஆட்டத் தொடரில் நாளுக்கு நாள் பெரிதாகும். ஒரே எதிரணிக்காகக் கோச்சுகள் ராத்திரி பகலாக வீடியோ பார்க்கிறார்கள் அல்லவா.

நடந்ததும் அந்த வழியில்தான். முதல் ஆட்டம் வுல்வ்ஸ் 117-95. இரண்டாவது லேக்கர்ஸ் 94-85. மூன்றாவது வுல்வ்ஸ் 116-104. நான்காவதில் லேக்கர்ஸ் கோச் ஜேஜே ரெடிக் இரண்டாம் பாதி முழுவதும் லெப்ரான், டான்சிச், ஆஸ்டின் ரீவ்ஸ், ருய் ஹாச்சிமுரா, டோரியன் ஃபின்னி ஸ்மித் என்ற அதே ஐவரையே ஆட வைத்தார். ஒரு மாற்றுகூட இல்லை, சென்டரும் இல்லை. கடைசிக் கால்பகுதிக்குள் பத்து புள்ளி முன்னிலையோடு போன ஐவர் களைத்துப்போய் 116-113 என்று விட்டார்கள். வுல்வ்ஸின் ஆன்டனி எட்வர்ட்ஸ் அன்று 43 புள்ளி. ஐந்தாம் ஆட்டம்தான் இந்தத் தொடரின் சாரம். வுல்வ்ஸ் 47 மூன்று புள்ளி ஷாட் எடுத்து ஏழே ஏழைத்தான் போட்டது. அப்படியும் 103-96 என்று ஜெயித்தது. கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட். களத்தில் இருக்கவே முடியாது என்று சொல்லப்பட்டவர், எதிரே சென்டர் இல்லாததால் தொடரை முடித்துவைத்தார்.

இருந்தாலும் ஒரு எச்சரிக்கை. 58 சதவீதம் என்ற கணக்கில் வுல்வ்ஸ் 5-ல் முடிக்கும் வாய்ப்பு 14 சதவீதம்தான், 6-ல் முடிப்பதுதான் அதிகம், 21 சதவீதம். "நான் சொன்ன பக்கம் ஜெயித்தது, ஆகவே என் காரணமெல்லாம் சரி" என்று யாரும் மார்தட்ட வேண்டாம். நான்காம் ஆட்டம் மூன்று புள்ளியில் முடிந்தது. அது மறுபக்கம் போயிருந்தால் 2-2 ஆகி, அடுத்தது லாஸ் ஏஞ்சல்ஸில்.

எத்தனை ஆட்டம் என்ற கேள்விக்கு வருவோம். இங்கேதான் விவாதங்களில் மிக எளிதாகத் திருத்தக்கூடிய தவறு இருக்கிறது. ஹோம் கோர்ட் அனுகூலம் உள்ள (பட்டியலில் மேலே முடித்த) அணி 1, 2, 5, 7 ஆகிய ஆட்டங்களைத் தன் ஊரில் ஆடுகிறது. 3, 4, 6 எதிரியின் ஊரில். ஒரு பலமான அணிக்குச் சொந்த ஊரில் 68 சதவீதம், வெளியூரில் 52 சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அது 4-ல் முடிக்கும் வாய்ப்பு 12.5, 5-ல் 23.7, 6-ல் 18.2, 7-ல் 19.1 சதவீதம். எதிரணி 4-ல் 2.4, 5-ல் 4.8, 6-ல் 10.3, 7-ல் 9.0. எல்லா ஆட்டத்துக்கும் ஒரே 60 சதவீதம் போட்டால் இந்த வடிவம் வராது. அப்போது பலமான அணிக்கு 5-ம் 6-ம் சமமாக இருக்கும், பலவீனமான அணிக்கு 7 முன்னால் வரும். ஊர் மாறுவதுதான் வடிவத்தை மாற்றுகிறது. பலமான அணி ஐந்திலோ ஏழிலோ தன் மக்கள் முன்னால் முடிக்கிறது, பலவீனமான அணி ஆறில் தன் ஊரில் முடிக்கிறது.

ஆகவே கீழே உள்ள அணி ஜெயிக்கும் என்று சொல்லப்போகிறீர்கள் என்றால் "6-ல்" என்று சொல்லுங்கள். பெரும்பாலோர் தயக்கத்தோடு "7-ல்" என்பார்கள். ஏழாம் ஆட்டம் எதிரியின் ஊரில் நடக்கிறது, அதை ஜெயிப்பது இன்னும் கஷ்டம். வரலாறும் இதையே சொல்கிறது. முதல் சுற்று ஏழு ஆட்டத் தொடரானது 2003-ல். அதற்கு முன் ஐந்து ஆட்டம். 2003 முதல் 2025 வரை எட்டாம் இடம் முதலிடத்தை வீழ்த்தியது நான்கு முறை, ஏழாம் இடம் இரண்டாம் இடத்தை வீழ்த்தியது மூன்று முறை. 2007 கோல்டன் ஸ்டேட், 2010 சான் அன்டோனியோ, 2011 மெம்ஃபிஸ், 2012 ஃபிலடெல்ஃபியா, 2023 லேக்கர்ஸ் ஆகிய ஐந்து அணிகளும் ஆறில் முடித்தன. 2023 மயாமி ஐந்தில். 2025 கோல்டன் ஸ்டேட் மட்டும் ஹூஸ்டன் போய் ஏழாம் ஆட்டத்தை 103-89 என்று ஜெயித்தது. அன்று பட்டி ஹீல்ட் ஒன்பது மூன்று புள்ளி ஷாட்களோடு 33 எடுத்தார்.

இந்த அதிர்ச்சி முடிவுகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம், ஏனெனில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது "2007 ஞாபகம் இருக்கா" என்று வருவார்கள். 1984-ல் பதினாறு அணி பிளேஆஃப் வந்ததிலிருந்து 2025 வரை எட்டாம் இடம் முதலிடத்தை வீழ்த்தியது ஆறே முறை. 1994-ல் டென்வர் சியாட்டிலையும், 1999-ல் நியூயார்க் மயாமியையும் வீழ்த்தியவை ஐந்து ஆட்டத் தொடர்கள். குறுகிய தொடரில் அதிர்ச்சிக்கு இடம் அதிகம். ஆட்டத்துக்கு 70 சதவீத அணி ஐந்து ஆட்டத் தொடரில் 84 சதவீதம் ஜெயிக்கும், ஏழில் 87. மற்ற நான்கில் மூன்றைக் காயத்தை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 2012-ல் சிகாகோவின் டெரிக் ரோஸ் முதல் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் முழங்கால் தசைநார் கிழிந்து போனார். 2023-ல் மில்வாக்கியின் யானிஸ் முதல் ஆட்டத்தில் கீழ் முதுகில் அடிபட்டு அடுத்த இரண்டையும் தவறவிட்டார். 2011-ல் சான் அன்டோனியோவின் மானு ஜினோபிலி முழங்கை அடியால் முதல் ஆட்டத்தில் இல்லை. ஆனால் அந்தத் தொடருக்குக் காயம் மட்டும் விளக்கமாகாது. சாக் ராண்டால்ஃபும் மார்க் கசோலும் உள்ளே புகுந்து அடித்ததற்குச் சான் அன்டோனியோவிடம் கடைசி வரை பதில் கிடைக்கவில்லை.

2007 மட்டுமே சுத்தமான பொருத்தப் பிரச்சினை. 67 வெற்றி டல்லஸ், 42 வெற்றி கோல்டன் ஸ்டேட். வழக்கமான பருவத்திலேயே டல்லஸை 3-0 என்று வென்றிருந்தார்கள். கோல்டன் ஸ்டேட் கோச் டான் நெல்சன் முன்பு டல்லஸில் டிர்க் நோவிட்ஸ்கியை வளர்த்தவர், அவருக்கு எந்த இடத்தில் பந்து பிடித்தால் பிடிக்காது என்று தெரிந்தவர். ஸ்டீஃபன் ஜாக்சன் போன்ற குட்டையான, வேகமான ஆட்களை அவர் மேல் ஒட்டவிட்டார். டல்லஸ் கோச் ஏவரி ஜான்சன் முதல் ஆட்டத்திலேயே தன் தொடக்க ஐவரை மாற்றிச் சின்ன அணியோடு இறங்கினார், அதாவது எதிரியின் ஆட்டத்தைத் தானே ஆடப்போனார். இந்த அளவுக்குத் தெளிவான காரணத்தை உங்களால் எழுத முடியவில்லை என்றால் எட்டாம் இடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

"பருவத்துல மூணு தடவ ஜெயிச்சிருக்கோம்" என்ற வாதத்துக்கும் இதே சோதனைதான். யார் ஆடினார்கள் என்று பார்க்காமல் நேருக்கு நேர் கணக்கை எடுக்கக்கூடாது. லேக்கர்ஸும் வுல்வ்ஸும் அந்தப் பருவத்தில் 2-2. அதில் மூன்று ஆட்டம் டான்சிச் வருவதற்கு முன்னால் நடந்தவை. நான்காவதில் எட்வர்ட்ஸ் இரண்டாவது டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக்கான தண்டனை) வாங்கிப் பாதியில் வெளியேற்றப்பட்டார். இப்படிப்பட்ட நான்கிலிருந்து எடுக்க எதுவும் இல்லை.

நிமிடக் கணக்கை அதிகம் பேர் போடுவதில்லை. ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் 240 ஆள் நிமிடம். வழக்கமான பருவத்தில் முதல் ஐவர் ஆளுக்கு 34 ஆடினால் 170 போக 70 நிமிடம் பெஞ்சுக்கு. பிளேஆஃபில் அவர்கள் 39, 40 ஆடுவார்கள், பெஞ்சுக்கு 40 முதல் 45 நிமிடமே மிஞ்சும். பத்துப் பேரை மாற்றி மாற்றி ஆடி ஜெயித்த அணியின் புள்ளி வித்தியாசத்தில் ஒரு பகுதி, எதிரணியின் ஒன்பதாவது, பத்தாவது ஆள்மேல் எடுத்தது. பிளேஆஃபில் அந்த எதிரி களத்திலேயே இருக்க மாட்டார். ஆகவே அப்படிப்பட்ட அணிக்கு ஒரு புள்ளி குறைக்கலாம். நட்சத்திரத்தை நம்பிய அணிக்குக் கூட்டலாம், ஆனால் வயதைப் பார்த்துக் கூட்டுங்கள்.

தொடர் தொடங்கிய பிறகு கணிப்பை மாற்றுவது ஒரு தனிக் கலை. முதல் ஆட்டம் முடிந்த இரவு எல்லோரும் தலைகீழாகப் புரள்வார்கள். இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் கணக்கில் எடுங்கள். முதலாவது, ஸ்கோர் கணக்கு. மேலே சொன்ன 58 சதவீத வுல்வ்ஸ் வெளியூரில் முதல் ஆட்டத்தை ஜெயித்ததுமே, பலத்தைப் பற்றிய மதிப்பீட்டைத் தொடாமலேயே 75 சதவீதம் ஆகிவிட்டது. தோற்றிருந்தால் 44. முதல் ஆட்டம் வென்ற அணி சுமார் நான்கில் மூன்று தொடர்களை ஜெயிக்கிறது என்ற பிரபலமான கணக்கிலும் பாதி மர்மம் இங்கே அவிழ்கிறது. மீதிப் பாதி, முதல் ஆட்டத்தை ஜெயிப்பது பெரும்பாலும் பலமான அணியே என்பது.

இரண்டாவது, பலத்தைப் பற்றிய மதிப்பீடு. இதில் கை மிக மெதுவாக இருக்க வேண்டும். எதிர்பார்த்ததைவிட எத்தனை புள்ளி வேறாக முடிந்ததோ அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் நகர்த்துங்கள். வுல்வ்ஸ் ஒரு புள்ளியில் தோற்கும் என்று எதிர்பார்த்த ஆட்டத்தை 22-ல் ஜெயித்தது. வித்தியாசம் 23. மதிப்பீட்டை 2 புள்ளி நகர்த்தலாம், அதற்குமேல் வேண்டாம். காரணம், அன்று அவர்கள் 21 மூன்று புள்ளி ஷாட் போட்டார்கள். அடுத்த ஆட்டத்திலேயே மொத்தம் 85 புள்ளியில் அடங்கினார்கள். மூன்று புள்ளி ஷாட் விழும் சதவீதம்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் மிக அதிகமாக ஆடும் எண். ஷாட் எங்கிருந்து எடுக்கிறார்கள், ஆஃபென்ஸிவ் ரீபவுண்ட் (தன் அணி தவறவிட்ட ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) யாருக்கு, பந்தை எத்தனை முறை இழக்கிறார்கள், யார் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகிறார்கள் என்பவை ஓரளவு நிலைத்து நிற்கும். ஆட்டம் முடிந்ததும் முதலில் இந்த நான்கையும் பாருங்கள், பிறகு ஷாட் சதவீதத்தைப் பாருங்கள்.

எதிர் உதாரணமும் உண்டு. 2023-ல் மயாமி பருவம் முழுவதும் மூன்று புள்ளி சதவீதத்தில் லீகின் அடிவரிசையில் கிடந்த அணி. மில்வாக்கிக்கு எதிரான ஐந்து ஆட்டத்தில் 45 சதவீதம் போட்டார்கள். ஜிம்மி பட்லர் நான்காம் ஆட்டத்தில் 56, ஐந்தாம் ஆட்டத்தில் 42. "இது நிலைக்காது" என்று ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் சொன்னவர்களின் தர்க்கம் சரி. ஆனால் நிலைக்காமல் போவதற்குள் தொடர் முடிந்துவிட்டது. ஏழு ஆட்டம் அவ்வளவு சின்ன அளவு. அதனால்தான் எந்த அணிக்கும் 95 கொடுக்க வேண்டாம் என்கிறேன். விதிவிலக்கு ஒன்று இருக்கிறது: 3-0. என்பிஏ வரலாற்றில் 2025 வரை 3-0-லிருந்து யாரும் மீண்டதில்லை. அதே 2025 வரை 3-1-லிருந்து 13 முறை மீண்டிருக்கிறார்கள், 2003-க்குப் பிறகான முதல் சுற்றுகளில் 2003 டெட்ராய்ட், 2006 ஃபீனிக்ஸ், 2020 டென்வர். 3-1-ல் பின்தங்கிய அணி தன் ஊரில் ஐந்தாம் ஆட்டம் ஆடுகிறது என்றால் அதற்குப் பத்து சதவீதம் மிச்சம் வைப்பது நியாயம், வெளியூர் என்றால் அதில் பாதி.

உங்கள் நண்பர்கள் குழுவில் இதை ஒழுங்காக விளையாட வேண்டுமானால் "யார்" என்று மட்டும் கேட்காமல் சதவீதம் கேளுங்கள். மதிப்பெண் எளிது. ஜெயித்த அணிக்கு நீங்கள் கொடுத்த வாய்ப்பை ஒன்றிலிருந்து கழித்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். குறைவாக வந்தவர் முன்னணி. வுல்வ்ஸுக்கு 0.58 கொடுத்தவருக்கு 0.42-ன் வர்க்கம், சுமார் 0.18. லேக்கர்ஸுக்கு 55 கொடுத்தவருக்கு 0.30. லேக்கர்ஸ் 80 என்று அடித்துச் சொன்னவருக்கு 0.64. எல்லாத் தொடருக்கும் கண்ணை மூடி 50 போடுபவருக்கு 0.25 வரும். எட்டுத் தொடரின் சராசரி அதற்கு மேலே போனால் அந்த வருடம் நம் அறிவு நமக்கு உதவவில்லை. ஒரே சுற்றை வைத்து யாரையும் எடை போட வேண்டாம், மூன்று, நான்கு ஆண்டு சேர்த்துப் பாருங்கள். ஆட்ட எண்ணிக்கைக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம்.

கணிப்பை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதிப் பூட்டுங்கள். அணிகள் ஆட்டத்துக்கு முந்தைய நாளே வீரர்களின் காயநிலையை அறிவித்தாக வேண்டும். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஏழாம், எட்டாம் இடங்கள் பிளே இன் (கடைசி இடங்களுக்கான தகுதிச் சுற்று) முடிந்த பிறகே தெரியும் என்பதால் அந்த நான்கு தொடர்களைக் கடைசியில் எழுதலாம். எண்ணுக்குக் கீழே ஒரே ஒரு நிபந்தனையும் எழுதுங்கள், எது நடந்தால் மாற்றுவீர்கள் என்று. வுல்வ்ஸ் தொடருக்கு அது இப்படி இருந்திருக்கும்: "வுல்வ்ஸ் 58, ஆறு ஆட்டம். ஹேய்ஸ் 25 நிமிடம் தாக்குப்பிடித்து, லேக்கர்ஸ் ரீபவுண்டில் சமமாக நின்றால் 45-க்கு இறக்குவேன்."